வண்டி எங்கே வருது?

கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம். விடிய இன்னும் நேரம் இருந்தது. பின்கட்டிலிருந்து ரவை வறுக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப் பேர் சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறார்கள். அவர்களை அழைத்து வரவேண்டிய இரண்டு வேன்களும் மண்டப வாசலிலேயே நிற்க, டிரைவர்கள் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். “கிளம்பலையாப்பா?” என்றேன். பதில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அக்காவின் பேத்தி, நாலாம் வகுப்பு படிக்கிறவள், பட்டுப்பாவாடையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையிலிருந்த போனை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “இப்பதான் துலுக்கப்பட்டி தாண்டியிருக்கு தாத்தா. சாத்தூர்ல நின்னுட்டுத்தான் வரும். அவங்க டீயைக் குடிக்கட்டும்.”

டிரைவர்கள் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு டீ கேட்டார்கள். அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு வேறொருவர் குரலில் கேட்டது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் எதிர்வீட்டில் ஒரு அசிஸ்டென்ட் ஸ்டேஷன் மாஸ்டர் குடியிருந்தார். அந்த ‘அசிஸ்டென்ட்’டை ஊரில் யாரும் சொன்னதில்லை. ஊருக்கு அவர் மாஸ்டர், எங்களுக்கு மாஸ்டர் மாமா. மீட்டர் கேஜ் காலம். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ஒற்றைத் தண்டவாளம். எந்த வண்டியும் எப்போது வரும் என்று அட்டவணையைப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. யாராவது ஊரிலிருந்து வருகிறார்கள் என்றால் ஆச்சி என்னைக் கூப்பிடுவாள். “ஏல, ரயிலடிக்குப் போயி மாமாட்ட வண்டி எங்க வருதுன்னு கேட்டுட்டு வா.”

அரை டிராயரும் வாடகை சைக்கிளுமாகப் போவேன். மாமாவின் அறைக்குள் நுழையக் கூடாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே மேஜைமேல் கன்ட்ரோல் போன். மாமா காதுக்குழலை மாட்டிக்கொண்டு, பேசாமல், கேட்டுக்கொண்டே இருப்பார். அந்த ஒரே கம்பியில்தான் வழியிலுள்ள எல்லா ஸ்டேஷன்களும் தொங்கின. சாத்தூர்க்காரர் மதுரை கன்ட்ரோலிடம் சொல்வது கோவில்பட்டிக்கும் கேட்கும், கடம்பூருக்கும் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பாமலே சொல்வார்: “விருதுநகர் விட்டாச்சு. சாத்தூர்ல ஒரு கூட்ஸை முன்னால விடணும். ஆச்சியை உலைய இப்பவே வைக்க வேண்டாம்னு சொல்லு.”

வண்டி இருக்கும் இடத்தை மட்டும் கேட்டால் போதும் என்றுதான் ஆச்சி அனுப்பியிருப்பாள். மாமாவோ வண்டியையும் சொல்லி, அதற்கு எங்கள் வீட்டு அடுப்பு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புவார்.

நடைமேடையில் ஒரு கரும்பலகை உண்டு. வண்டியின் பெயர், வரவேண்டிய நேரம், வரும் நேரம் என்று வெள்ளைப் பெயின்டில் கட்டம் போட்டிருக்கும். மூன்றாவது கட்டத்தில் மட்டும் சாக்பீஸ் எழுத்து. ஒரு மணி நேரம் தாமதம் என்று எழுதுவார்கள். அப்புறம் போர்ட்டர் வந்து, உள்ளங்கையை எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டு ஒன்றரை என்று எழுதுவார். அதையும் அழித்து இரண்டேகால். பழக்கப்பட்டவர்கள் எழுத்தைப் பார்க்க மாட்டார்கள். அதன் பின்னால் இருக்கும் வெள்ளைத் தேய்ப்பைத்தான் பார்ப்பார்கள். தேய்ப்பு தடிமனாக இருந்தால் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட வேண்டியதுதான்.

ஆச்சிக்கு அதெல்லாம் வேண்டாம். மச்சில் நின்றால் கைகாட்டி மரம் தெரியும். கை படுத்திருந்தால் வண்டி இல்லை, சாய்ந்துவிட்டால் வண்டி வந்துகொண்டிருக்கிறது. ஸ்டேஷனில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்பால் அடிக்கிற சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். வடக்கேயிருந்து வருவதற்கு ஒரு மாதிரி, தெற்கேயிருந்து வருவதற்கு ஒரு மாதிரி. எங்கள் தெருவில் பால் வாங்குவதும் பள்ளிக்கூடம் கிளம்புவதும்கூட அந்த மணியை ஒட்டித்தான் நடந்தன. வண்டி தாமதமானால் தெருவே தாமதமாகும். வாத்தியார்களும் அதே வண்டியில்தான் வந்தார்கள் என்பதால் எங்களுக்கு அதில் நஷ்டமில்லை.

ஒற்றைத் தடத்தில் வண்டியின் இருப்பிடம் சுவாரசியத்துக்குத் தெரிந்துகொள்ளும் செய்தி இல்லை. உயிர் சம்பந்தப்பட்டது. மாமாவின் அறையில் கனத்த இரும்பு இயந்திரங்கள் இரண்டு இருந்தன, வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று. அடுத்த ஸ்டேஷன்காரர் தம் பக்க இயந்திரத்தில் ஒப்புதல் கொடுத்தால்தான் இங்கே ஒரு இரும்பு உருண்டை வெளியே விழும். அதில் எந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடைப்பட்டது என்று பெயர் பொறித்திருக்கும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது அடுத்த ஸ்டேஷனின் இயந்திரத்துக்குள் போகும்வரை இரண்டு பக்கத்திலும் இன்னொன்று விழாது. ஆகவே அந்த உருண்டை கையில் இருக்கும் டிரைவர் மட்டுமே அந்தத் தடத்தில் போக முடியும். உருண்டையைத் தோல் பைக்குள் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, பாயின்ட்ஸ்மேன் நடைமேடை விளிம்பில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். நிற்காத வண்டி என்றால் ஃபயர்மேன் படியில் தொங்கியபடி பழைய வளையத்தை வீசிவிட்டு, புதியதைத் தோளில் வாங்கிக்கொண்டு போவார். அடி பலமாக விழும். எங்கள் ஊர்ப் பாயின்ட்ஸ்மேனின் முன்னங்கையில் அதற்கான தழும்பு ஒன்று இருந்தது. அதை நாங்கள் தொட்டுப் பார்க்க அனுமதிப்பார்.

மதுரையில் கன்ட்ரோல் அறையை ஒருமுறை பார்க்க வாய்த்தது. அங்கே வேலை பார்த்த உறவினர் ஒருவர் கூட்டிப்போனார். பெரிய மேஜை, அதன்மேல் மேஜை அளவுக்கே விரித்த கட்டம் போட்ட தாள். குறுக்கே நேரம், நெடுக்கே ஸ்டேஷன்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு பென்சில் கோடு. எக்ஸ்பிரஸின் கோடு செங்குத்தாக இறங்கும், கூட்ஸின் கோடு சோம்பலாகச் சரியும், நின்றுவிட்ட வண்டியின் கோடு தரையில் படுத்தது போல நேராக ஓடும். வடக்கே போகும் கோடும் தெற்கே வரும் கோடும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அதுதான் கிராசிங். அந்த வெட்டு ஒரு ஸ்டேஷனின் மேல்தான் விழ வேண்டும், இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் விழக்கூடாது. அதற்காகத்தான் ஒரு மனிதர் காதில் குழலும் கையில் பென்சிலும் பக்கத்தில் அழிரப்பருமாக மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்குத்தான் மாஸ்டர் மாமா கம்பியில் யாரோடு பேசிக்கொண்டிருந்தார் என்று எனக்கு உருவம் கிடைத்தது.

அந்தத் தாளைப் பற்றிப் பிறகு மாமாவிடம் சொன்னபோது அவர் தனுஷ்கோடியைப் பற்றிச் சொன்னார். 1964 டிசம்பர் 22 இரவு, புயல். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் எண் பாசஞ்சர், நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு, ஊரை எட்டுவதற்குச் சற்று முன்னால் கடலுக்குள் போய்விட்டது. ஒருவரும் மிஞ்சவில்லை. தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்ததால் என்ன நடந்தது என்பது வெளியே தெரியவே நாளாயிற்று. மாமா அப்போது வேலையில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, வேறு எங்கோ இருந்தார். ஆனாலும் ரயில்வேக்காரர்கள் எல்லாரும் அதைத் தங்கள் வீட்டுச் சாவு போலத்தான் பேசுவார்கள். “அன்னிக்கு ராத்திரித் தாள்ல அந்தக் கோடு பாம்பனோட நின்னிருக்கும் பாரு” என்றார் மாமா. வேறெதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு, பேர் தெரியாத ஏதோ ஒரு பாசஞ்சர் அரை மணி தாமதம் என்றாலும் அவர் ஏன் அவ்வளவு பொறுமையாகக் கம்பியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நான் கேட்டதில்லை.

வெளியே இருந்தவர்களுக்கு இப்படி. வண்டிக்குள் இருந்தவர்களுக்கு வேறு வழிகள். பகல் வண்டியில் கண்ணை மூடிக்கொண்டே ஊர் சொல்லலாம். முறுக்குக் கூடை ஏறினால் மணப்பாறை. வெள்ளரிப் பிஞ்சும் சேவும் என்றால் சாத்தூர். கடலைமிட்டாய் என்று கேட்டால் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. ராத்திரியில் அப்பாவுக்குப் பாலங்கள்தான் கணக்கு. சென்னையிலிருந்து வரும்போது அரியலூர், லால்குடி எல்லாம் இருட்டில் போய்விடும். திடீரென்று சக்கரத்தின் சத்தம் அகலமாகும். அது கொள்ளிடம். சத்தம் அடங்கி, ஸ்ரீரங்கம் நின்றோ நிற்காமலோ போய், மறுபடி ஒருமுறை அகலமாகும். அது காவிரி. “ரெண்டாவது பாலம் வந்தாச்சு” என்று அப்பா மேல் பெர்த்தில் படுத்தபடியே சொல்வார். திருச்சியில் இறங்க வேண்டியவர்கள், முன்பின் தெரியாதவர்கள், அவர் சொன்னதை நம்பிச் செருப்பைத் தேடுவார்கள்.

காத்திருப்பதில் ஒரு சுகம் இருந்தது என்று இப்போது சிலர் உருகி எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கைக்குழந்தையோடு, தூக்குச் சட்டியில் தீர்ந்துபோன பாலோடு, மாட்டுத்தாவணி போல நெரியும் நடைமேடையில் நாலு மணி நேரம் நின்ற பெண்கள் யாரும் அப்படி எழுதியதாக நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவனுக்கும் சாவுக்குப் போகிறவனுக்கும் அந்தக் கரும்பலகை ஒரு கொடுமை.

ஆனால் அந்தத் தெரியாமையால் பிழைத்தவர்களும் உண்டு. என் சித்தப்பா அவர்களில் தலையானவர். மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதப் போய்வந்துகொண்டிருந்தார். சனிக்கிழமை மாலைகளில் அவருக்கு சினிமா பார்க்காவிட்டால் ஆகாது. பிந்தி வருகிற வண்டியில் வந்து, “பாசஞ்சர் லேட்டு” என்று வாசலிலேயே சித்தியிடம் சொல்லிவிடுவார். எவ்வளவு லேட் என்று சித்தி கேட்டால் சரியான எண் வேண்டுமே. எதிர்வீட்டிலேயே உண்மை குடியிருக்கிறது. அதனால் ஸ்டேஷனில் இறங்கியதும் நேராக மாஸ்டர் மாமாவின் ஜன்னலுக்குப் போய், முன்னால் போன வண்டி எவ்வளவு நேரம் தாமதம் என்று விசாரித்துக்கொண்டு அந்தக் கணக்குக்குள் தன் சினிமாவைப் பொருத்திக்கொண்டு வீட்டுக்கு வருவார். வண்டி சரியான நேரத்துக்கு ஓடிய நாட்களில் முகம் வாடியிருக்கும். மாமாவுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு பண்டிகை நாளில் அவர் சித்தியின் முன்னாலேயே, “உங்க வீட்டுக்காரர் மாதிரி ரயில்வே மேல அக்கறை உள்ளவரை நான் பார்த்ததே இல்லை” என்றார். சித்தி சிரிக்கவில்லை.

அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. தடம் அகலமாயிற்று, கைகாட்டிக்குப் பதில் விளக்கு வந்தது, வளையம் போயிற்று, தண்டவாளத் துண்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கோவில்பட்டி வழியாக இப்போது இரட்டைப் பாதை, மின்சார எஞ்சின். கிராசிங் என்ற காரணமே எங்கள் பக்கத்தில் செத்துவிட்டது. விசாரணைக்கு 139 வந்தது. வண்டி எண்ணை அழுத்தினால் ஒரு பெண்குரல் துண்டு துண்டாகச் சொல்லும். 2012இல் ரயில்ரேடார் என்று ஒன்று வந்தபோது என் மருமகன் கம்ப்யூட்டரில் காட்டினான். இந்திய வரைபடம் முழுக்க எறும்பு மாதிரி வண்டிகள். நேரத்துக்கு ஓடுகிறவை நீலம், தாமதமானவை சிவப்பு. நான் வெகுநேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மதுரையில் பார்த்த தாளை யாரோ நாடு முழுக்க விரித்துவிட்ட மாதிரி இருந்தது.

நினைத்துப் பார்த்தால் அது மாதிரி என்ன, அதேதான். அந்தப் பென்சில் கோட்டைத்தான் பிற்பாடு கன்ட்ரோல் அறைகளில் கம்ப்யூட்டர் வரைய ஆரம்பித்தது. வண்டி எந்த ஸ்டேஷனை எத்தனை மணிக்குக் கடந்தது என்று அதில் பதிவாகும் விவரம்தான் ரயில்வேயின் விசாரணைத் தளத்துக்குப் போய், அங்கிருந்து நம் கைக்கு வருகிறது. ரொம்ப நாள் வரைக்கும் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே வண்டி இருக்கும் இடம் ஒரு ஊகம்தான். கடைசியாக எங்கே கடந்தது என்பதை வைத்து, இப்போது இங்கே இருக்கலாம் என்று புள்ளியை நகர்த்துவார்கள். இப்போது இஸ்ரோவோடு சேர்ந்து எஞ்சினிலேயே கருவி வைக்கிறார்கள். அது 30 நொடிக்கு ஒருமுறை தான் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். இன்னொரு பக்கம், பெங்களூரில் ஒரு சிறிய குழு செய்த ‘வேர் இஸ் மை டிரெயின்’ ஆப். 2018இல் கூகுள் அந்தக் கம்பெனியை வாங்கியது. அதன் தந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வண்டிக்குள் இருக்கும்போது அதற்கு இன்டர்நெட்டும் வேண்டாம், ஜிபிஎஸ்ஸும் வேண்டாம். போன் எந்த செல்போன் டவரோடு பேசுகிறது என்பதை வைத்தே ஊரைச் சொல்லிவிடும். முறுக்குக் கூடையை வைத்து மணப்பாறை என்று சொன்னோமே, அந்த வம்சம்தான் இதுவும்.

அதில் குமாரபுரம் வருகிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவில், கு. அழகிரிசாமியின் ‘குமாரபுரம் ஸ்டேஷன்’ கதையால் தமிழ் வாசகர்களுக்கெல்லாம் தெரிந்துபோன இடம். வந்தது. வண்டி நிற்காமல் போகிற ஊர்களை மெலிந்த எழுத்தில் காட்டும் வரிசையில், கடந்த நேரத்தோடு இருந்தது.

ஆனால் இந்த ஆப்களுக்கு மாஸ்டர் மாமாவின் ஒரு புத்தி இன்னும் வரவில்லை. சென்னைக்குப் போகிற வண்டி தாம்பரத்தை நெருங்கும்போது நாற்பது நிமிடம் தாமதம் என்று சிவப்பில் காட்டும். அழைக்க வருகிறவர்கள் அதை நம்பி வீட்டில் நிதானமாகக் குளிப்பார்கள். வண்டி எழும்பூருக்குக் கிட்டத்தட்ட நேரத்துக்கே போய்ச் சேரும். கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் அட்டவணையிலேயே கொஞ்சம் நேரத்தைக் கூடுதலாகப் போட்டு வைத்திருப்பார்கள் என்பது பழைய ரயில்வேக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். இன்னொரு பக்கம், இன்னும் இரண்டே கிலோமீட்டர் என்று புள்ளி சொல்லும்போது வண்டி அவுட்டரில் இருட்டுக்குள் அரை மணி நின்றுகொண்டிருக்கும். “அவன் பிளாட்பாரம் தரமாட்டான், நீ போயி ஒரு காபி குடிச்சிட்டு வா” என்று சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது.

அழைத்துப்போக ஆள் வருவதே குறைந்துவிட்டது, அது வேறு. முன்பெல்லாம் எப்போது வரும் என்று தெரியாததால் முன்கூட்டியே போய் நிற்க வேண்டியிருந்தது. போய் நின்றதால் அங்கே யார் யாரையோ பார்த்தோம். ஒரு மாப்பிள்ளை வரன்கூட எங்கள் குடும்பத்துக்கு அந்த நடைமேடை பெஞ்சில்தான் அமைந்தது. இப்போது எல்லாரும் சரியாக வண்டி நிற்கிற நிமிஷத்துக்கு வந்து, பைக்கை அணைக்காமலே ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஸ்டேஷன் வாசலில் இருந்த டீக்கடைக்காரர் இதைப் பற்றி என்னிடம் ஒரு புகார் மனுவே வாசித்தார். தாமதமான வண்டிகளால்தான் அவர் இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தாராம்.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கோவில்பட்டி வீட்டில்தான் இருக்கிறாள். அக்கா மகன் ஒரு லீவில் அவள் போனில் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். எங்கள் குடும்பத்துக்கு அதிலிருந்து நிம்மதி போயிற்று. முன்பெல்லாம் பிள்ளைகள் ராத்திரி வண்டியில் போனால் எங்கே இருக்கிறார்களோ என்று தெரியாமல் தூங்க மாட்டாள். இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு தூங்காமல் இருக்கிறாள். ஒருமுறை சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தேன், நல்ல தூக்கம். போன் அடித்தது. பதறிப்போய் எடுத்தேன். “வண்டி ஏன் அரியலூர்லயே நிக்கி?” என்றாள். நான் அரியலூரில் இருப்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எதிர் பெர்த்தில் படுத்திருந்தவர் விழித்துக்கொண்டு, என்ன ஊர் சார் என்று கேட்டார். அரியலூர் என்றேன். எப்படித் தெரியும் என்றார். எங்கம்மா சொன்னாங்க என்றேன்.

யாரும் போகாத ராத்திரிகளிலும் அவள் நெல்லை எக்ஸ்பிரஸைத் திறந்து பார்க்கிறாள் என்று அக்கா சொல்கிறாள். கேட்டால், “சும்மா, எங்க வருதுன்னு பார்த்தேன்” என்பாளாம்.

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து அவளைப் பார்க்கப் போனேன். கிளம்பும்போதே கடம்பூரில் போளி வாங்கி வரச் சொல்லியிருந்தாள். கடம்பூர் ஸ்டேஷன் போளி அவளுக்குக் கல்யாணமான புதிதிலிருந்து உள்ள பிரியம். எனக்கு ஜன்னல் ஓரம் உட்கார இடம் கிடைத்திருந்தது. கூட்டமோ நெரிந்தது. எழுந்தால் இடம் போய்விடும். வீட்டுக்குள் நுழைந்ததும் என் கையைத்தான் பார்த்தாள்.

“வண்டி கடம்பூர்ல சரியாவே நிக்கலைம்மா. நின்ன மாதிரி நின்னு எடுத்துட்டான்” என்றேன்.

அம்மா தலையணைக்கடியிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். போனை எடுத்து, விரலால் மேலே தள்ளி, ஒரு வரியில் நிறுத்தினாள்.

“ஆறு நிமிஷம் நின்னிருக்கு” என்றாள். “உங்க சித்தப்பாவே தேவலை. அவராவது மாஸ்டர்ட்ட கேட்டுட்டு வந்துல்லா பொய் சொல்லுவாரு.”